கேள்வி கேட்டால் பதில் சொல்லும் நூலகம்

பள்ளி நூலகத்தில் உங்களுக்கு ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது. தலைப்பு நினைவில் இல்லை. எழுதியவர் பெயரும் தெரியாது. வானவில் எப்படித் தோன்றுகிறது என்பதை விளக்கும் புத்தகம் என்பது மட்டுமே தெரியும். என்ன செய்வீர்கள்?

ஒவ்வோர் அலமாரியாகத் தேடிப் பார்க்கலாம். அடுத்த மணி அடிப்பதற்குள் மூன்று அலமாரிகளை முடித்தால் பெரிது. அல்லது நேரே நூலகரிடம் போய்க் கேட்கலாம். "அந்த மூலை அலமாரியில் இரண்டாவது தட்டைப் பாரப்பா, ஒளியியல் நூல்களோடு இருக்கும்" என்று அவர் சொல்லிவிடுவார். கிடைத்த நூல் கடினமாக இருந்தால், "இதைவிட எளிதாக ஏதாவது உண்டா, ஐயா?" என்று மறுபடி கேட்கவும் செய்யலாம்.

அலமாரி புத்தகங்களைக் காட்டுகிறது. நூலகரோ உங்கள் கேள்வியைக் கேட்டு, அதற்கு ஏற்ற பதிலைத் தருகிறார். வலைப்பக்கங்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. சில பக்கங்கள் அறிவிப்புப் பலகையைப் போன்றவை; யார் வந்து பார்த்தாலும் ஒரே செய்தியைக் காட்டும். வேறு சில பக்கங்கள் நாம் கேட்பதை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். நாம் கொடுப்பதை ஏற்றுக்கொண்டு தாமும் மாறும். இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் கணிப்பொறித் துறையினர் ஊடாட்டம் என்கிறார்கள்.

பல்கலைக்கழக நூலகங்களையும் உயர்கல்வியையும் பெரிதும் மாற்றியவை இந்த இரண்டாம் வகைப் பக்கங்களே. அந்த மாற்றம் எங்கே தொடங்கியது, அது எப்படி வேலை செய்கிறது, அதனால் யாருக்கு என்ன நன்மை என்பவற்றை இங்கே காண்போம். இந்தக் கதையில் இயற்பியலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இயற்பியல் ஆசிரியனான எனக்கு இதைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி.

தபால் பையில் வந்த அறிவியல்

அணுவின் உட்கருவுக்குள்ளும் அதற்கும் உள்ளே புகுந்து ஆராயும் துறைக்குத் துகள் இயற்பியல் என்று பெயர். 1960களில் இந்தத் துறை மிக வேகமாக வளர்ந்தது. ஆனால் ஓர் ஆய்வுக் கட்டுரை ஆய்விதழில் அச்சாகி வெளிவரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? ஆகவே ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையைப் படியெடுத்து, அச்சாவதற்கு முன்பே தங்களுக்குத் தெரிந்த நிறுவனங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். இவ்வாறு அச்சுக்கு முன் சுற்றிய கட்டுரைகளை முன்பிரதிகள் எனலாம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. படியெடுக்கவும் அஞ்சல் தலைக்கும் பணம் வேண்டும். எல்லாருக்கும் அனுப்ப முடியுமா? முடியாது. பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு முன்பிரதிகள் குவிந்தன. தொலைவிலுள்ள ஒரு சிறிய கல்லூரியின் ஆசிரியருக்கோ, ஆய்விதழ் கப்பலில் வந்து சேரும்போதுதான் செய்தியே தெரியும். அதற்குள் பெரிய ஊர்க்காரர்கள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். அறிவு ஓரிடத்தில் இருந்தது. அது யாருக்கு, எப்போது எட்டியது என்பதே சிக்கல்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டான்ஃபோர்டு நேர்முடுக்கி மையம் என்று அப்போது அழைக்கப்பட்ட ஆய்வுக்கூடம் இருக்கிறது. சுருக்கமாக ஸ்லாக் என்பார்கள். எலக்ட்ரான்களை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள குழாயில் முடுக்கிவிட்டு ஆராய்வதற்காக அமைந்த நிறுவனம் அது. அங்கே வந்து குவிந்த முன்பிரதிகளை அந்த நூலகத்தார் ஒழுங்குபடுத்திப் பட்டியலிட்டார்கள். எழுதியவர் யார், தலைப்பு என்ன, எந்தப் பொருளைப் பற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார்கள். 1974இல் இந்தப் பட்டியல் கணிப்பொறிக்குள் ஏறியது. அதற்கு ஸ்பையர்ஸ் என்று பெயர்.

1980களில் வெளிநாட்டு ஆய்வாளர்களும் கணிப்பொறி வழியே செய்தி அனுப்பி இந்தப் பட்டியலைக் கேட்க முடிந்தது. ஆனால் கேட்கும் முறை எளிதன்று. அதற்கென்று வகுத்த கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அதற்கேற்ற கணிப்பொறி இணைப்பும் வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. வாசற்படி மட்டும் உயரம்.

வலைக்கு வந்த முதல் நூலகர்

இப்போது ஐரோப்பாவுக்குச் செல்வோம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில், பிரான்ஸ் நாட்டு எல்லையில் இருக்கிறது செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம். அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் 1989 மார்ச்சில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆய்வுக்கூடத்தின் ஆவணங்கள் பல கணிப்பொறிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், ஓர் ஆவணத்தில் உள்ள சொல்லைத் தொட்டு அடுத்த ஆவணத்துக்குப் போகலாம் என்பது அந்தத் திட்டம். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று நாம் வலை என்று அழைக்கும் வைய விரிவு வலை.

1991 செப்டம்பரில் ஸ்லாக்கைச் சேர்ந்த இயற்பியலாளர் பால் குன்ஸ் செர்னுக்குச் சென்றார். அங்கே பெர்னர்ஸ் லீ தம் வலையை அவருக்குக் காட்டினார். இணைப்புகளுள்ள பக்கங்களைவிட வேறொன்றே குன்ஸின் மனத்தைக் கவர்ந்தது. தொலைவில் இருந்த ஒரு பெரிய கணிப்பொறியிடம் வலை வழியே ஒரு கேள்வியைக் கேட்டு, அது தந்த பதிலை ஒரு பக்கமாகத் திரையில் வரவழைத்துக் காட்டினார் பெர்னர்ஸ் லீ. அதைக் கண்டதும் குன்ஸுக்குத் தம் ஊரின் ஸ்பையர்ஸ் பட்டியல் நினைவுக்கு வந்தது. இந்த முறையில் அதையும் உலகுக்குத் திறந்துவிடலாமே!

ஊர் திரும்பியதும் ஸ்லாக்கின் நூலகர் லூயிஸ் ஆடிஸ் அம்மையாரிடம் இதைச் சொன்னார். அதன் பயனை அவர் உடனே உணர்ந்துகொண்டு வேலையைத் துரிதப்படுத்தினார். 1991 டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் முதல் வலை வழங்கி ஸ்லாக்கில் இயங்கத் தொடங்கியது. பக்கங்களைக் கேட்போருக்கு அனுப்பிவைக்கும் கணிப்பொறியைத்தான் வழங்கி என்கிறோம். செர்வர் என்றும் சொல்வதுண்டு. அதன் முதல் பக்கத்தில் இருந்தவை சில வரிகளே. படம் இல்லை, வண்ணம் இல்லை. ஆனால் அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் இலட்சக்கணக்கான கட்டுரைகளின் பட்டியல் காத்திருந்தது. கட்டளைகளை மனப்பாடம் செய்யாமலே அதைக் கேட்க முடிந்தது.

அமெரிக்காவில் வலையின் முதல் வேலை கடை விரிப்பதோ செய்தி பரப்புவதோ அன்று. ஒரு நூலகத்தின் பட்டியலை வாசகருக்குத் திறந்துவிடுவதே. ஸ்பையர்ஸ் பல ஆண்டுகள் உழைத்த பின், 2012இல் இன்ஸ்பையர் என்ற புதிய அமைப்பு அதன் இடத்தை ஏற்றுக்கொண்டது.

வினாக்குறியில் ஏறிப் போகும் கேள்வி

நம் கேள்வி அந்தப் பெரிய கணிப்பொறிக்கு எப்படிப் போகிறது? ஏதாவது ஒரு கல்லூரி நூலகத்தின் வலைப்பக்கத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஒரு சொல்லை எழுதித் தேடிப் பாருங்கள். பதில் வந்ததும் திரையின் உச்சியிலுள்ள முகவரி வரியை முழுவதுமாகப் படியுங்கள். பெரும்பாலும் அதில் ஒரு வினாக்குறி இருக்கும். வினாக்குறிக்கு முன்னால் இருப்பது யாரிடம் கேட்கிறோம் என்பது. பின்னால் இருப்பது என்ன கேட்கிறோம் என்பது. 1990களின் தொடக்கத்தில் வலையை அமைத்தவர்கள் செய்த இந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

கேள்வி போகும் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். கலிபோர்னியாவுக்கும் ஜெனீவாவுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 9,400 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: 0.047 நொடி. கேள்வி போகவும் பதில் திரும்பவும் சேர்த்து ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை. வழியில் பல நிலையங்களும் உண்டு. ஆகவே இன்னும் சிறிது கூடும். ஆனாலும் விமானத் தபாலில் ஒரு வாரம் ஆன வேலை கண் இமைப்பதற்குள் முடிகிறது.

போய்ச் சேர்ந்த கேள்விக்கு வழங்கி எப்படிப் பதில் தேடுகிறது? எல்லா நூல்களையும் புரட்டிப் பார்க்கிறதா? இல்லை. உங்கள் பாடநூல்கள் சிலவற்றின் இறுதியில் அகரவரிசையில் சொற்களும் அவை வரும் பக்க எண்களும் இருக்கும் அல்லவா? அதுபோன்ற ஒரு சொல்லடைவை வழங்கி முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. ஒரு சிறிய நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்தே நூல்கள்:

1. ஒளியும் நிறமும்
2. ஒலியும் அலையும்
3. அலையும் ஒளியும்
4. கடல் அலைகள்
5. நிறங்களின் கதை

இதற்குரிய சொல்லடைவில் 'அலை' என்ற சொல்லுக்கு எதிரே 2, 3, 4 என்றும், 'ஒளி' என்பதற்கு எதிரே 1, 3 என்றும், 'நிறம்' என்பதற்கு எதிரே 1, 5 என்றும் இருக்கும். நீங்கள் 'ஒளி அலை' என்று கேட்டால், இரண்டு வரிசைகளிலும் பொதுவாக உள்ள எண்ணை வழங்கி பார்க்கிறது. 3 என்று விடை கிடைக்கிறது. கணக்கு வகுப்பில் நீங்கள் படித்த கணங்களின் வெட்டு இதுதான்!

சொல்லடைவு அகரவரிசையில் இருப்பதால் தேடுவதும் விரைவு. நடுவில் திறக்க வேண்டும். தேடும் சொல் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்க்க வேண்டும். வேண்டாத பாதியை ஒதுக்கிவிட்டு, மீதியை மறுபடி நடுவில் திறக்க வேண்டும். 20,000 சொற்கள் இருந்தால் 15 முறை பாதியாக்கினால் போதும். 10 இலட்சம் சொற்களானால்? 20 முறை போதும். சொற்கள் 50 மடங்கு பெருகினாலும் வேலை 5 படிகளே கூடுகிறது. இன்றைய அமைப்புகள் இன்னும் நுட்பமானவை; ஆனால் அடிப்படை இதுவே.

சீர்காழிக்காரர் காட்டிய வழி

மேலே தந்த ஐந்து தலைப்புகளை இன்னொரு முறை பாருங்கள். எதிலுமே 'அலை' என்ற சொல் தனியாக இல்லை. 'அலையும்', 'அலைகள்' என்றுதான் இருக்கிறது. 'நிறம்' என்பது 'நிறமும்' என்றும் 'நிறங்களின்' என்றும் உருமாறி வருகிறது. நமக்கு இது ஒரு பொருட்டே அன்று. கணிப்பொறிக்கோ இவை எல்லாம் வேறு வேறு எழுத்துக் கோவைகள். விகுதிகளை நீக்கி வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கும் வழியை யாராவது அதற்குச் சொல்லிக்கொடுத்தால்தான் தமிழில் தேடல் சரியாக அமையும். இந்த வேலையில் இன்னும் செய்ய வேண்டியவை நிறைய உள்ளன. இலக்கணமும் கணிப்பொறியும் இரண்டும் பிடித்த மாணவர்களுக்கு இது நல்ல களம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மழைக்காலத்து வானத்தைப் பற்றிய ஒரு நூலில் வானவில்லுக்கு ஓர் அருமையான அத்தியாயம் இருக்கலாம். ஆனால் தலைப்பில் அந்தச் சொல்லே இல்லாமல் போகலாம். சொல்லை மட்டும் தேடும் கணிப்பொறி அதைத் தவறவிடும். நூலைப் படித்து, 'இது ஒளியியல். வளிமண்டலத்தில் ஒளி' என்று குறித்து வைப்பவர் நூலகரே. திரையில் பதில் சட்டென்று வருவதற்குக் காரணம், முன்பு யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை.

இந்த வேலைக்கு அறிவியல் முறை வகுத்தவர்களில் முதன்மையானவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். உடனே லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குச் சென்று நூலகவியல் பயின்றார். துண்டு துண்டான பாகங்களைத் திருகாணியால் இணைத்து விதவிதமாக உருவாக்கும் மெக்கானோ விளையாட்டுச் சாமானை லண்டன் கடையொன்றில் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு நூலின் பொருளையும் இப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்து மறுபடி இணைத்துக் காட்டலாமே! அதிலிருந்து பிறந்த கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். இன்றைய வலைப் பட்டியல்களில் திரையின் ஓரத்தில் மொழி, ஆண்டு, பொருள், ஆசிரியர் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து விடைகளைச் சுருக்குகிறோமே, அந்த முறை அவருடைய எண்ணத்தோடு நெருங்கிய உறவுடையது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்றும், வாசகரின் நேரத்தைக் காப்பது அதன் கடமை என்றும் 1931இலேயே அவர் வலியுறுத்தினார்.

வாசகரே எழுதுபவர் ஆனால்?

இதுவரை நூலகம் பதில் சொன்னதைப் பார்த்தோம். அது நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் தொடங்கியபோது இரண்டாவது மாற்றம் வந்தது.

முன்பிரதிகளின் பட்டியல் கிடைத்துவிட்டது, ஆனால் கட்டுரை? அதைத் தபாலில்தானே வரவழைக்க வேண்டும்? 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் இதற்கு ஒரு வழி செய்தார். ஆய்வாளர்கள் கட்டுரையைத் தாங்களே கணிப்பொறிக்கு அனுப்பலாம். யார் கேட்டாலும் அது தானாகவே படி அனுப்பும். ஆண்டுக்கு நூறு கட்டுரைகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் ஆறு மாதங்களிலேயே நானூறு வந்துவிட்டன. மின்னஞ்சலில் தொடங்கிய இந்த அமைப்பு 1993இல் வலைக்கும் வந்தது. 2001இல் கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்புக்கு மாறியது. ஆர்கைவ் என்று பெயர் பெற்ற இதில் 2022 தொடக்கத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டியது. படிக்கக் கட்டணம் இல்லை. பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் சிற்றூர்க் கல்லூரியின் மாணவியும் ஒரே காலையில் ஒரே கட்டுரையைத் திறக்கிறார்கள். தபால் பைக் காலத்து ஏற்றத்தாழ்வு இந்த அளவுக்குக் குறைந்தது.

இதற்கிடையே வலைப்பக்கங்களின் அமைப்பும் மாறியது. தொடக்கத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் முழுப்பக்கமும் புதிதாக வந்தது. ஒரு வரியை மாற்றுவதற்கு வேறு சிலேட்டையே எடுத்து வருவதுபோல. பின்னர், பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு நிரலை வைத்து, வேண்டிய பகுதியை மட்டும் வழங்கியிடம் கேட்டு வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் அழித்து எழுதும் முறை பரவியது. 2005இல் இதற்கு அஜாக்ஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. தேடும் கட்டத்தில் நீங்கள் இரண்டு எழுத்து எழுதியவுடன் கீழே சொற்கள் வரிசையாகத் தோன்றுவது இந்த வகை நுட்பத்தால்தான். இன்னொரு பக்கம், பார்ப்பவரே திருத்தி எழுதக்கூடிய விக்கி என்னும் பக்க வகையை 1995இல் வார்டு கன்னிங்ஹாம் உருவாக்கியிருந்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு என்று பொருள்.

ரங்கநாதன் பயின்ற அதே லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி, விக்கியை ஒரு நல்ல பணிக்குப் பயன்படுத்தியது. 1832இல் மறைந்த ஜெரமி பெந்தம் என்ற சட்ட அறிஞரின் கையெழுத்துத் தாள்கள் அங்கே ஏறத்தாழ 60,000 உள்ளன. எழுத்து எளிதில் புரியாது. அடித்தல் திருத்தல் ஏராளம். சில ஆய்வாளர்கள் மட்டும் உட்கார்ந்து இதைப் படித்து முடிப்பது எப்போது? 2010 செப்டம்பரில் தாள்களின் படங்களை வலையில் வைத்து, விரும்பும் எவரும் படித்து எழுதித் தரலாம் என்று அழைத்தார்கள். எழுதி வந்தவற்றை ஆய்வாளர்கள் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். நூலகத்தின் வாசகர்களே நூலகத்தை வளர்த்தார்கள்.

நிலாவில் ஆடும் ஊசல்

நூலகங்கள் இன்று புத்தகங்களோடு வேறொன்றையும் மாணவருக்கு எடுத்துக் காட்டுகின்றன. அவைதாம் சிமுலேஷன்கள். ஓர் ஆய்வைக் கணிப்பொறித் திரையில் நடத்திக்காட்டும் மாதிரி என்று இதைச் சொல்லலாம். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதன் மாதிரிகள் வலையில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன.

அவற்றில் ஒன்று ஊசல். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் பூமியில் ஒருமுறை ஆடித் திரும்ப 2 நொடி ஆகும். நிலாவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 4.9 நொடி. வியாழனில் 1.3 நொடிக்கும் குறைவு. எந்தக் கல்லூரி ஆய்வகமும் உங்களை வியாழனுக்கு அழைத்துச் செல்ல முடியாது! இன்னொன்றும் செய்து பாருங்கள். ஊசல் ஆடும் நேரத்துக்கான சூத்திரம் சிறிய வீச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று பாடநூல் சொல்கிறது. ஊசலை 90 பாகை வரை இழுத்து விடுங்கள். ஆடும் நேரம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். நிபந்தனையின் பொருள் அப்போது நன்றாக விளங்கும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். மாதிரியில் இருப்பது, அதை எழுதியவர் உள்ளே வைத்த சமன்பாடுகளே. இயற்கை அதற்குக் கட்டுப்பட்டதன்று. ஆகவே திண்ணையில் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து இருபது ஆட்டங்களை எண்ணுவதும் அவசியம். இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் இயற்பியல்.

பூட்டும் சாவியும்

இவ்வளவு வசதி வந்தும் எல்லாக் கதவுகளும் திறந்துவிடவில்லை. தேடினால் கட்டுரையின் பெயர் கிடைக்கும்; திறக்கப் போனால் கட்டணம் கேட்கும். உலகின் பல ஆய்விதழ்களின் நிலை இதுதான். ஒரு கல்லூரி தனியாகச் சந்தா கட்ட முடியாத அளவுக்கு அவற்றின் விலை உயர்ந்திருக்கிறது. இதற்காக இந்திய அரசு 2024 நவம்பரில் ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் இது. அரசு நடத்தாத கல்லூரிகளிலும் ஏராளமான மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களுக்கும் சாவி கிடைக்கும்போதுதான் இந்தப் பணி நிறைவு பெறும்.

கிடைத்த பதில் சரியா என்று பார்ப்பது அடுத்த கடமை. 2011 செப்டம்பரில் ஆர்கைவில் ஒரு கட்டுரை வந்தது. செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வுக்கூடத்துக்கு, ஏறத்தாழ 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோ துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டனவாம்! ஐன்ஸ்டீனின் கொள்கையே ஆட்டம் கண்டது போலிருந்தது. கட்டுரை எல்லாருக்கும் திறந்திருந்ததால் உலகெங்கும் இயற்பியலாளர்கள் படித்துக் கேள்விகளை எழுப்பினார்கள். கருவிகளை மறுபடி சோதித்தபோது, ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாக இணைக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. 2012இல் அந்தக் குழுவினரே திருத்திய பதிப்பை அதே இடத்தில் வெளியிட்டார்கள். ஆர்கைவில் பழைய பதிப்புகள் அழிக்கப்படுவதில்லை. முதலில் என்ன சொன்னார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதை இன்றும் தேதியோடு பார்க்கலாம். விக்கிப் பக்கங்களிலும் இத்தகைய வரலாறு உண்டு.

இன்று கேள்விக்குப் பத்தி பத்தியாக விடை எழுதித் தரும் செயற்கை அறிவுப் பொறிகளும் வந்துவிட்டன. பயனுள்ளவைதாம். ஆனால் உலகில் இல்லாத புத்தகத்துக்கும் அவை சில சமயம் அழகான தலைப்பும் ஆசிரியர் பெயரும் சொல்லிவிடும். அப்படி ஒரு பெயர் கிடைத்தால் நேரே ஒரு நூலகப் பட்டியலில் தேடிப் பாருங்கள். யார் எழுதினார், எப்போது எழுதினார், பின்னர் திருத்தினாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காத எந்தப் பதிலையும் அரைப்பதிலாகவே கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இவ்வளவையும் மின்சாரம் இல்லாமலே உங்கள் வகுப்பில் நடத்திப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள ஒரு புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். நாற்பது பேர் என்றால் நாற்பது புத்தகங்கள். 1 முதல் 40 வரை எண் இடுங்கள். ஒரு நோட்டில் அகரவரிசையில் சொற்களை எழுதி, எந்தச் சொல் எந்த எண்ணுள்ள நூலுக்குப் பொருந்தும் என்று குறியுங்கள். தலைப்பில் உள்ள சொல்லோடு நின்றுவிடாமல், உள்ளே பேசப்படும் பொருளையும் சேருங்கள். பிறகு ஒருவர் இரண்டு சொற்களைச் சொல்லட்டும்; மற்றொருவர் நோட்டைப் பார்த்து விடை எண்ணைக் கண்டுபிடிக்கட்டும். எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களை வெறுமையாக விடுங்கள். ஒரு நூலைப் படித்தவர் அங்கே இரண்டு வரி எழுதட்டும்: நூலில் என்ன பிடித்தது, என்ன புரியவில்லை, எந்தச் சொல்லை அடைவில் சேர்க்க வேண்டும். கீழே பெயரும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். வேறொருவர் அதைத் திருத்தலாம். ஆனால் பழைய வரியை அழிக்கக் கூடாது, ஒரு கோடு மட்டும் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் வளர்ந்திருக்கிறது, எந்தக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை என்பது தெரியும். அந்த விடையில்லாக் கேள்வியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் நூலகத்துக்குப் புறப்படுங்கள்.